சூழல் மண்டலங்களுக்கு வேலி உண்டோ?

நம் தமிழ்ப்பள்ளி மாணவர் ஒருவரை அழைத்து, "சூழல் மண்டலங்கள் எத்தனை வகைப்படும்?" என்று வினவினால் தயக்கமின்றி விடை வரும். நிலம் சார்ந்தவை, நீர் சார்ந்தவை என இருபெரும் பிரிவு. நிலத்திலே மழைக்காடு, புல்வெளி, பாலைவனம், துருவப் பனிவெளி. நீரிலே ஆறு, ஏரி, சதுப்பு நிலம், கடல். இவையன்றி மனிதன் தன் கையால் ஆக்கிய வயல், தோட்டம், மீன்குளம். பட்டியல் சரியானதே. அதனை மனப்பாடம் செய்வதும் குற்றமாகாது. ஆயினும், இப்பட்டியலை நாம் கற்பிக்கும் முறை பற்றி எனக்கு மாறுபட்ட கருத்து ஒன்று உண்டு. அதனை இம்மலரைப் படிக்கும் பெற்றோர், ஆசிரியர், மூத்த மாணவர் ஆகியோர்முன் வைக்க விழைகின்றேன்.

வகுப்பறைச் சுவர்களில் நாம் ஒட்டி வைத்துள்ள வண்ணப் படங்களைச் சற்றே உற்று நோக்குங்கள். ஒவ்வொரு மண்டலமும் தனித்தனிக் கட்டத்துள் அடைபட்டுக் கிடக்கிறது. காட்டுக் கட்டத்தில் புலியும் யானையும். கடற்கட்டத்தில் மீனும் நண்டும். கட்டங்களுக்கு இடையே தடித்த கருங்கோடு. அத்தகைய கோடு இயற்கையில் எங்கும் இல்லை. இல்லாத கோட்டை உண்டென்று நம்பி வளரும் பிள்ளை, நாளை பெரியவனாகி ஓர் அலுவலகத்தில் அமர்ந்து, "கடலோரச் சேற்றுக்காடுதானே, வெட்டினால் யாருக்கு என்ன நட்டம்?" என்று கையெழுத்திட்டு விடுவான். என் அச்சம் அதுவே.

முதலில் சொல்லின் பொருளைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஓரிடத்தில் வாழும் உயிர்கள் அனைத்தும், அவை சார்ந்திருக்கும் மண், நீர், காற்று, வெயில் ஆகியனவும் ஒன்றோடொன்று கொண்டும் கொடுத்தும் இயங்குகின்ற முழு அமைப்பே சூழல் மண்டலம். இக்கருத்துக்கு 1935ஆம் ஆண்டில் பெயர் சூட்டியவர் ஆர்தர் டான்ஸ்லி என்னும் பிரிட்டிஷ் தாவரவியல் அறிஞர். பச்சைச் செடிகள் வெயிலின் துணையால் உணவு சமைக்கின்றன. ஆகவே அவை ஆக்குவோர். அவற்றைத் தின்பனவும், தின்பனவற்றைத் தின்பனவும் நுகர்வோர். இறந்தவற்றையும் கழிவையும் மண்ணாக்கும் காளான்களும் நுண்ணுயிர்களும் சிதைப்போர். செம்பனைத் தோட்டத்தில் பழத்தை எலி தின்கிறது. எலியை ஆந்தை தின்கிறது. (எலியை ஒழிப்பதற்காக ஆந்தைக்குக் கூட்டுப்பெட்டி கட்டிக் கொடுத்து வளர்க்கும் தோட்டங்கள் நம் நாட்டில் உண்டு.) ஒரு படியிலுள்ள ஆற்றலில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே அடுத்த படிக்குச் சென்று சேரும். செம்பனையில் 1,000 பங்கு என்றால், எலிக்கு 100, ஆந்தைக்கு 10. எலிகள் பலவாகவும் ஆந்தைகள் சிலவாகவும் இருப்பதன் காரணம் இக்கணக்கே. ஆற்றல் ஒருவழிப் பயணி, சென்றது திரும்பாது. மண்ணின் சத்துகளோ சிதைப்போரின் உழைப்பால் மீண்டும் மீண்டும் சுற்றி வருகின்றன.

இவ்வளவும் பாடநூலில் உள்ளனவே. இந்தக் கொடுக்கல் வாங்கல் ஒரு மண்டலத்தின் எல்லையோடு நின்றுவிடுவதில்லை என்பதைத்தான் நாம் போதிய அழுத்தத்தோடு சொல்வதில்லை.

நிலத்தை வகைப்படுத்துவது தமிழருக்குப் புதிதன்று. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என நிலத்தையும் அதற்குரிய பூவையும் பறவையையும் விலங்கையும் தொழிலையும் சேர்த்தே எண்ணிய மரபு நம்முடையது. ஆனால் வகுத்துக் கொடுத்த அதே தொல்காப்பியம், ஒரு நிலத்துக்குரிய பூவும் புள்ளும் வேறொரு நிலத்தில் காணப்பட்டால் அவற்றை வந்து சேர்ந்த நிலத்துக்கு உரியனவாகவே கொள்ளலாம் என்று இடமும் தந்தது. திணைமயக்கம் என்று நம் இலக்கண ஆசிரியர்கள் பேசுவது இத்தகைய கலப்பையே. தொல்காப்பியர் எழுதியது கவிதைக்கு இலக்கணம். அவர் அறிவியல் நூல் எழுதவில்லை. இன்றைய அறிவியல் அனைத்தும் அன்றே நம்மிடம் இருந்தது என்று மார்தட்டுவதில் எனக்கு உடன்பாடு கிடையாது. எனினும், வகைப்படுத்தியவுடன் கலப்புக்கும் வழி வைக்க வேண்டும் என்ற அந்த அறிவுடைமையை நம் வகுப்பறைச் சுவர்ப்படங்கள் மறந்துவிட்டன என்பேன்.

நம் நாட்டில் நடைபெறும் திணைமயக்கம் ஒன்றைக் காட்டுகிறேன். அது தொடங்கும் இடம், நம் குழந்தைகள் அனைவரும் அறிந்த பத்துமலை.

272 படிகளையும், 2006இல் எழுப்பப்பெற்ற நெடிய முருகன் சிலையையும், தைப்பூசக் காவடிகளையும் அறியாதார் நம்மில் இலர். அம்மலை சுண்ணாம்புப் பாறையால் ஆனது. கடலடியில் படிந்து இறுகி ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகள் ஆயின என்பர் புவியியலார். மழைநீர் அதனைச் சிறிது சிறிதாகக் கரைத்துக் குகைகளைக் குடைந்தது. கோயிற்குகைக்குச் சற்றுக் கீழே பிரிகின்ற இருட்குகை அவற்றுள் ஒன்று.

இருட்குகையின் உட்புறத்தில் வெயில் புகாது. வெயில் இல்லையேல் பச்சைச் செடி இல்லை. பச்சைச் செடி இல்லையேல் உணவு ஆக்குவோர் இல்லை. பாடநூலின்படி பார்த்தால் அங்கு எவ்வுயிரும் வாழவே முடியாது. ஆயினும் கரப்பான், சிள்வண்டு, பூரான், பாம்பு எனப் பல உயிர்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. மிகத் தொன்மையான மரபைச் சேர்ந்ததும், பத்துமலையின் பெயரையே தன் அறிவியற் பெயரில் தாங்கியதுமான சிலந்தி ஒன்று, மூடி போட்ட கூட்டுக்குள் இரைக்குக் காத்திருக்கிறது. இவற்றுக்கெல்லாம் சோறு போடுவது யார்?

வௌவால்கள்தாம். பகலில் குகைக் கூரையில் தொங்குகின்றன. அந்தி சாய்ந்ததும் வெளியேறி உண்டுவிட்டுத் திரும்புகின்றன. அவற்றின் எச்சம் தரையில் குவிகிறது. எச்சத்தைத் தின்னும் பூச்சிகள், பூச்சிகளைத் தின்னும் சிலந்திகள், பூரான்கள் என்று அங்கே உணவுச் சங்கிலி தொடங்குகிறது. வௌவாலின் எச்சம் சிறந்த உரமுமாகும். 1860களில் சீனக் குடியேறிகள் பத்துமலைக் குகைகளிலிருந்து அதனைத் தோண்டியெடுத்துத் தம் காய்கறித் தோட்டங்களுக்கு இட்டார்கள். ஆக, குகைக்கு வெளியே விளைந்த உணவு எச்சமாகக் குகைக்குள் வந்தது. குகையிலிருந்து உரமாகி மீண்டும் வயலுக்குச் சென்றது. குகையின் அடுப்படி குகையில் இல்லை!

அப்படியாயின் அந்த அடுப்படி எங்கே உள்ளது? பூச்சி தின்னும் வௌவால்களுக்கு அது அருகிலேயே கிடைக்கும். ஆனால் நீண்ட நாக்கால் பூவின் தேனை நக்கியுண்ணும் குகை வௌவால் ஒன்றும் அங்கு உண்டு. ஸ்டார்ட், மார்ஷல் என்னும் ஆய்வாளர் இருவர் 1970களில் அவ்வௌவாலின் எச்சத்தைச் சேகரித்து, அதிலிருந்த மகரந்தத்தை உருப்பெருக்கியில் வைத்து ஆராய்ந்தனர். எந்தெந்த மரத்துப் பூவை நாடிச் சென்றது என்பதற்கு அந்த மகரந்தமே சாட்சியம். கடலோரத்து அலையாத்திக் காட்டு மரங்களின் மகரந்தம் அதில் மிகுந்திருந்தது. பத்துமலையிலிருந்து 30 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள கடற்கரை வரை அச்சிற்றுயிர் ஒரே இரவில் பறந்து சென்று தேனுண்டு திரும்புகிறது என்று அவர்கள் கண்டறிந்தார்கள். கையளவே உள்ள உயிர்! நம் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிப் பேருந்தில் அரைமணி நேரம் அமர்ந்திருக்கவே சலித்துக் கொள்கின்றனர்.

அலையாத்திக் காட்டை நம் நாட்டார் பாக்காவ் காடு என்பர். ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் சேற்றில், காற்றுக்காகத் தரைக்கு மேலே மூச்சு வேர்களை நீட்டிக்கொண்டும், விழாமலிருக்கப் பந்தற்கால் போன்ற முட்டு வேர்களை ஊன்றிக்கொண்டும் அம்மரங்கள் நிற்கின்றன. உதிர்ந்த இலைகளை நண்டுகள் இழுத்துச் சென்று கிழித்துத் தின்கின்றன. எஞ்சியது நுண்ணுயிர்களுக்கு இரை. அவற்றை நம்பி இறாற்குஞ்சும் மீன்குஞ்சும். நம் வீட்டு இறால் குழம்பின் தொடக்கம் அந்த உதிர்ந்த இலையில் இருக்கிறது. பேராக் மாநிலத்தில் மாத்தாங் பகுதியில் ஏறத்தாழ 40,000 எக்டர் பரப்புள்ள அலையாத்திக் காட்டை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து திட்டமிட்டு வெட்டியும் மீண்டும் நட்டும் காத்து வருகின்றனர். கோல செபெத்தாங்கின் கரிச்சூளைகளுக்கு அங்கிருந்துதான் மரம் செல்கிறது. காட்டால் பயன் கொள்வதும் காட்டைக் காப்பதும் ஒருங்கே இயலும் என்பதற்கு நம் நாட்டிலேயே நூறாண்டுச் சான்று இருக்க, "ஒன்று முன்னேற்றம், அல்லது காடு" என்று வாதிடுவோரை நான் ஒப்புவதில்லை.

பெரெம்பாங், பெர்ப்பாட் என்று மலாய் மொழியில் வழங்கும் அலையாத்தி மரங்கள் உண்டு. தூரிகை போன்ற கேசரங்களோடு அவற்றின் பூக்கள் இரவில் மலர்கின்றன. ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு மரம் பூத்துக் கொண்டேயிருக்கும். ஆதலால் தேனுண்ணும் வௌவாலுக்கு அவை அன்றாடச் சோறு. கோல சிலாங்கூரின் கம்போங் குவாந்தானில் படகேறிச் சென்று நாம் காணும் மின்மினிகள் கூடி ஒளிர்வதும் பெரெம்பாங் மரத்திலேதான். அந்த மின்மினியின் புழு, ஆற்றங்கரை ஈரத்திலுள்ள நத்தைகளைத் தின்று வளர்கிறது. மரத்தை மட்டும் விட்டுவைத்துக் கரையைச் சுத்தமாக வழித்துவிட்டால் நத்தை போகும்; நத்தை போனால் விளக்கும் அணையும்.

இனி நம் வாய்க்கு வருவோம். டுரியான் மரம் ஆண்டு முழுவதும் பூப்பதில்லை. ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ, சில வாரங்கள் மட்டுமே பூக்கும். பிற்பகலில் விரியத் தொடங்கும் பூ, இரவில் தேன் சுரந்து மணம் பரப்பும். நள்ளிரவுக்குப் பின் இதழும் கேசரமும் உதிர்ந்துவிடும். பல வகை டுரியான் மரங்கள் தம் மகரந்தத்தைக் கொண்டே சரிவரக் காய்ப்பதில்லை. வேறொரு மரத்தின் மகரந்தம் வந்து சேர வேண்டும். இருட்டில், உயர்ந்த கிளைகளுக்கு இடையே, அத்தனை மரங்களுக்கும் மகரந்தத்தைச் சுமந்து செல்வது யார்? அதே வௌவால்தான். பெத்தாய் மரத்துக்கும் வௌவாலே துணை.

இப்போது மூன்று கட்டங்களையும் சேர்த்துப் பாருங்கள். டுரியான் பூக்கும் சில வாரங்களுக்கு வௌவால் வேண்டும் என்றால், பூக்காத மாதங்களில் அதற்குக் கடலோர அலையாத்திக் காடு சோறு போட வேண்டும். பகலில் தங்குவதற்குச் சுண்ணாம்பு மலை குகை தர வேண்டும். மலை, கடற்கரை, பழத்தோட்டம் ஆகிய மூன்றும் சுவர்ப்படத்தில் மூன்று தனிக் கட்டங்கள். வௌவாலுக்கோ ஒரே வீட்டின் மூன்று அறைகள். ஓர் அறையை இடித்துவிட்டு, மற்ற இரண்டும் எப்போதும்போல் இருக்கும் என்று எதிர்பார்ப்பது பேதைமை.

வருந்தத்தக்க செய்தி யாதெனில், வௌவாலைப் பகையாகக் கருதும் தோட்டக்காரர்களும் இருக்கின்றனர். விடிந்ததும் மரத்தடியில் கேசரங்கள் கொட்டிக் கிடப்பதைக் கண்டு, வௌவால் பூவைக் கடித்து நாசமாக்கிவிட்டது என்று எண்ணுகிறார்கள். பூ தானாகவே அவற்றை உதிர்க்கிறது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. தியோமான் தீவில் முனைவர் ஷீமா அப்துல் அசீசும் அவருடைய குழுவினரும் டுரியான் மரங்களில் தானியங்கி ஒளிப்படக் கருவிகளைப் பொருத்தி ஆராய்ந்தனர். பழந்தின்னி வௌவால் பூக்களைச் சேதப்படுத்தாமல் தேனுண்டு செல்வதையும், அதன் வருகையால் காய்ப்பு கூடுவதையும் 2017இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர். சுவர்ப்படத்தில் கட்டங்களை மட்டும் படித்த பிள்ளைக்கு இந்த விவரம் கிட்டாது. மகரந்தத்தின் வழியைப் பின்தொடர்ந்து படித்த பிள்ளை, தன் தாத்தாவின் தோட்டத்தில் வலை விரிக்கப்படுவதைக் கண்டால், "வேண்டாம் தாத்தா" என்று சொல்லும். அப்பிள்ளை சொன்னால் தாத்தாவும் கேட்பார்.

மலைக்கும் ஆபத்து இல்லாமலில்லை. சுண்ணாம்பு மலை என்றால் சிமெண்டு. சிமெண்டு என்றால் பணம். பஹாங் மாநிலத்தில் பஞ்சிங் மலை என்றொரு மலை இருந்தது. "இருந்தது" என்றே சொல்ல வேண்டும். கல் உடைத்து உடைத்து அது தரைமட்டமாயிற்று. உலகில் வேறெங்கும் அறியப்படாத நுண்ணிய நத்தையினம் ஒன்று அம்மலையில் வாழ்ந்தது. 2014இல் அவ்வினம் அழிந்துபட்டதாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பட்டியலிட்டது. பத்துமலையிலும் முன்னொரு காலத்தில் கல் உடைத்தார்கள். நல்வேளையாக அது நிறுத்தப்பட்டது. கோயில் இருந்ததால் மலை தப்பியது என்று சொல்வோரும் உண்டு. கோயில் இல்லாத மலைகளின் கதி என்ன என்று கேட்பது நம் கடமை.

மனிதன் ஆக்கிய மண்டலங்களுக்கு இக்கருத்து பொருந்தாது என்று எண்ணிவிட வேண்டாம். செம்பனைத் தோட்டத்தைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேறில்லை. செம்பனையின் தாயகம் ஆப்பிரிக்கா. மரத்தை இங்கே கொண்டுவந்தனர். அதன் பூவிலே வாழ்ந்து மகரந்தம் சுமக்கும் சிறுவண்டை விட்டுவிட்டு வந்தனர். காற்றே மகரந்தத்தைச் சேர்த்துவிடும் என்று நெடுங்காலம் நம்பியிருந்தனர். காய்ப்புக் குறைந்த தோட்டங்களில் அவ்வேலை மனிதக் கைகளுக்கு வந்தது. மரம் மரமாகச் சென்று மகரந்தத் தூளைப் பூவிலே தூவும் பணியில் தோட்டத்துப் பாட்டாளிகள் ஈடுபட்டார்கள். அவர்களுள் நம் பாட்டிமார்களும் இருந்தனர். 1981இல் கேமரூனிலிருந்து அந்த வண்டு கொண்டுவரப்பட்டு ஜொகூர் மாநிலத் தோட்டத்தில் விடப்பட்டது. விரைவிலேயே அது பரவியது. கையால் தூவும் வேலையும் தேவையற்றுப் போயிற்று. அரிசி மணியினும் சிறிய ஒரு வண்டின் இடத்தை நிரப்ப எத்தனை மனிதர்களின் முதுகு வளைந்தது என்று எண்ணிப் பாருங்கள். இச்செய்தியை நம் பிள்ளைகள் பாடநூலில் தேட வேண்டியதில்லை. வீட்டிலுள்ள மூத்தோரைக் கேட்டாலே போதும். இப்போது கேட்க வேண்டும். அத்தலைமுறை நம்மைவிட்டுக் குறைந்து வருகிறது.

"இதற்கெல்லாம் நேரம் எங்கே? பாடத்திட்டம் முடிய வேண்டாவா?" என்று என் சக ஆசிரியர்கள் கேட்பர். நியாயமான வினாவே. முன்பு யு.பி.எஸ்.ஆர். தேர்வைக் காரணம் காட்டினோம். 2021இல் அத்தேர்வு நீக்கப்பட்டது. பட்டியலை நெட்டுருப் போடும் பழக்கமோ அத்தேர்வோடு சேர்ந்து போகவில்லை. புதிய பாடம் எதையும் சேர்க்குமாறு நான் கேட்கவில்லை. வரிசையை மாற்றுங்கள் என்றே வேண்டுகிறேன். வகைகளின் பெயரிலிருந்து தொடங்காமல், பிள்ளை அறிந்த ஓர் உயிரிடமிருந்து தொடங்கலாம். "இது எங்கே உறங்குகிறது? எங்கே உண்கிறது? இடையில் எதைச் சுமந்து செல்கிறது?" என்னும் மூன்று வினாக்கள் போதும். வௌவால் இல்லையேல் பள்ளி வாயிலில் கூடு கட்டும் குருவி. அதுவும் இல்லையேல் கால்வாய்த் தவளை. தவளை தலைப்பிரட்டையாக நீரிலும், வளர்ந்தபின் நிலத்திலும் வாழ்ந்து, தன் ஒரே பிறவியில் இரண்டு கட்டங்களைத் தாண்டிவிடுகிறது. வகைகளின் பெயர்கள் அதன்பின் தாமாகவே வந்து அமரும்.

பத்துமலைக் குரங்குகளைக்கூட இவ்வகையில் பாடமாக்கலாம். ஆங்கிலத்தில் அவற்றுக்கு நண்டு தின்னும் குரங்கு என்றும் பெயருண்டு. அலையாத்திக் காட்டோரத்தில் நண்டு பிடித்துத் தின்னும் இனம். அதன் கையில் வாழைப்பழத்தையும் தேங்காய் மூடியையும் கொடுத்து, பின்பு "பையைப் பிடுங்குகிறதே" என்று கூச்சலிடுகிறோம். நாமே உண்டாக்கிய இந்தத் திணைமயக்கத்துக்குத் தொல்காப்பியத்தில் விதி இருப்பதாகத் தெரியவில்லை.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. ஆண்டுதோறும் நடைபெறும் கல்விச் சுற்றுலாவில் பேரங்காடியும் கேளிக்கைப் பூங்காவும் இடம்பெறுகின்றன. ஓராண்டேனும் வௌவாலின் வழியே செல்வோமாக. காலையில் பத்துமலையடிவாரத்தில் பாறையையும் குகை வாயிலையும் பார்த்துவிட்டு, வழியில் ஒரு பழத்தோட்டத்தில் இறங்கி, பிற்பகலில் கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்காவின் அலையாத்திக் காட்டு நடைபாதையில் நடந்து, இருட்டியதும் மின்மினி காணப் படகேறலாம். ஒரு பேருந்து, ஒரு நாள். டுரியான் பூக்கும் பருவத்தில் சென்றால், தோட்டத்து மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் கேசரங்களைப் பிள்ளைகள் கையில் அள்ளிப் பார்க்கலாம். ஒவ்வொருவரும் குறிப்பேடும் எழுதுகோலும் கொசுக்கடிக்குத் தைலமும் கொண்டுவர வேண்டும். கைவிளக்கைப் பேருந்திலேயே வைத்துவிட வேண்டும். படகில் வெளிச்சம் காட்டினால் மின்மினிகள் கலங்கும்.